விண்டோஸ் இல்லாமல் விண்டோஸ் கேம்: லினக்ஸில் அது எப்படி ஓடுகிறது?

அக்கா மகன் போன தீபாவளிக்கு வந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 போட்ட மெஷின். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால், அது ஏற்றுக்கொள்ளும் புராசஸர் பட்டியலில் இவனுடையது இல்லை. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, அதில் மின்ட் என்ற வகையை, போட்டுத் தருகிறேன் என்றேன். உடனே முகம் வாடிவிட்டது.

"மாமா, அப்போ கேம் போயிடுமே? கில்ட் வார்ஸ் 2 விண்டோஸ் கேம்தானே?"

விண்டோஸ் கேம்தான். ஆனாலும் லினக்ஸில் ஓடும். எப்படி ஓடுகிறது என்பதை அவனுக்குச் சொன்ன அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். இதில் ஒரு வித்தையும் இல்லை. அடிப்படை புரிந்துவிட்டால், எந்த கேம் ஓடும், எது ஓடாது, ஓடாததற்குக் காரணம் என்ன என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரு விண்டோஸ் கேமின் .எக்ஸி (.exe) கோப்பை, அதாவது கேமை இயக்கும் நிரல் கோப்பை, ஏதாவது ஒரு எடிட்டரில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். புரியாத குறிகள் நிறைய இருக்கும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகள் எப்போதும் எம், இஸட். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் இந்தக் கோப்பு வடிவத்தை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. லினக்ஸ் நிரல் ஒன்றைத் திறந்தால் அதே இடத்தில் இ, எல், எஃப் என்ற மூன்று எழுத்துகள் தெரியும். இரண்டும் உறைமேல் எழுதிய முகவரி மாதிரி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எம், இஸட்டைப் பார்த்ததும் இது நம் வீட்டுக் கடிதம் இல்லை என்று ஒதுக்கிவிடும். விண்டோஸ் நிரல் லினக்ஸில் திறக்காததற்கு முதல் காரணம் இவ்வளவுதான்.

உறையைப் பிரித்தால் உள்ளே இருப்பது என்ன? புராசஸருக்கான கட்டளைகள். கூட்டு, கழி, இங்கிருந்து எடுத்து அங்கே வை. இவை விண்டோஸின் மொழி இல்லை, இன்டெல், ஏஎம்டி சில்லுகளின் மொழி. அதே லேப்டாப்பில் நேற்று விண்டோஸ் இருந்தது, இன்று லினக்ஸ் இருக்கிறது, சில்லு மாறவில்லை. ஆகவே கேமின் கட்டளைகளை அந்தச் சில்லு நேராகவே செய்யும், யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? கேம் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. கோப்பைத் திற, ஜன்னலை வரை, மவுஸ் எங்கே இருக்கிறது சொல், இந்தச் செய்தியை இணையத்தில் அனுப்பு என்று இயங்குதளத்திடம் நொடிக்கு ஆயிரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கும். விண்டோஸிடம் கேட்கும் முறையும் பெயர்களும் வேறு, லினக்ஸிடம் கேட்கும் முறையும் பெயர்களும் வேறு.

கல்யாணச் சமையலுக்கு வெளியூரிலிருந்து ஒரு மாஸ்டர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பக்குவம் அவருடையது, அதை யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் இந்த வீட்டில் புளி எந்த டப்பாவில் இருக்கிறது, கேஸ் வால்வு எங்கே என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் ஒரு எடுபிடி ஆள் வேண்டும். மாஸ்டர் கேட்பதைப் புரிந்துகொண்டு, இந்த வீட்டில் அது இருக்கும் இடத்திலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கிற ஆள். மாஸ்டர் தலை நிமிராமல் வேலையைப் பார்ப்பார். தான் வேறு வீட்டில் இருப்பதே அவருக்கு உறைக்காது.

அந்த எடுபிடி ஆளின் பெயர் வைன்.

வைன் ஓர் எமுலேட்டர் இல்லை என்பதை அதன் பெயரே சொல்கிறது, அந்தப் பெயருக்கே 'வைன் எமுலேட்டர் அல்ல' என்றுதான் விரிவு. பழைய பிளேஸ்டேஷன் கேமைக் கணினியில் ஆடுகிறோமே, அது எமுலேஷன். அங்கே சில்லே வேறு, ஒவ்வொரு கட்டளையையும் பெயர்த்தாக வேண்டும். மாஸ்டரின் கைக்குப் பதிலாக வேறொருவர் கை வைத்துச் சமைப்பது போல. வைனில் கை மாஸ்டருடையதேதான். லினக்ஸில் விண்டோஸ் கேம் ரொம்ப மெதுவாகத்தான் ஓடும் என்று பலர் நினைப்பது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

வைன் தொடங்கியது 1993-இல். 1994 முதல் அதை வழிநடத்துபவர் அலெக்சாந்த்ர் ஜூலியார். 1.0 என்ற பதிப்பு வந்தது 2008 ஜூனில். பதினைந்து ஆண்டுகள்! ஏன் இவ்வளவு காலம் என்று யோசித்தால் இந்த வேலையின் மேல் தனி மரியாதையே வந்துவிடும். விண்டோஸின் மூல நிரல் வெளியில் கிடையாது. எங்கேயாவது கசிந்ததைப் பார்த்தவர்கள் எழுதும் நிரலை வைன் ஏற்பதும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் விண்டோஸ் என்ன பதில் சொல்கிறது என்பதை வெளியிலிருந்து கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகச் சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதி, அசல் விண்டோஸில் ஓட்டிப் பார்த்து, அதே பதில் வைனிலும் வரும்படி செய்கிறார்கள். விண்டோஸ் ஏதாவது ஒரு இடத்தில் தப்பாகப் பதில் சொன்னால், வைனும் அதே தப்பைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தப்பை நம்பி எழுதப்பட்ட கேம்கள் இருக்கின்றனவே!

வைன் தன் வேலைக்கு ஒரு தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிரிஃபிக்ஸ் என்று பெயர். அதைத் திறந்து அவனுக்குக் காட்டினேன். உள்ளே 'டிரைவ்_சி' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'புரோகிராம் ஃபைல்ஸ்', 'விண்டோஸ்', 'யூசர்ஸ்' எல்லாம் இருக்கின்றன. கேமின் கண்ணுக்கு அதுதான் சி டிரைவ். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்பது இங்கே இரண்டு மூன்று சாதாரண எழுத்துக் கோப்புகள். "இவ்வளவுதானா மாமா?" என்றான். இவ்வளவுதான். ஒரு கேமுக்கு ஒரு பிரிஃபிக்ஸ் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால், ஒன்று கெட்டுப்போனாலும் மற்றது பிழைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. வைன் ஒரு பாதுகாப்புக் கூண்டு இல்லை. சி டிரைவோடு சேர்த்து இசட் டிரைவ் ஒன்றையும் அது காட்டும், வழக்கமான அமைப்பில் அந்த இசட் என்பது உங்கள் முழு லினக்ஸ் கோப்புகளும்தான். ஆகவே 'இலவச ஜெம்ஸ்', 'சீட் கிட்' என்று எவனோ கொடுத்த .எக்ஸி கோப்பை, லினக்ஸ்தானே என்ற தைரியத்தில் ஓட்டாதீர்கள். உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் அதனால் தொட முடியும்.

கோப்பு, ஜன்னல், மவுஸ் எல்லாம் ஆயிற்று. கேமில் பெரும் பாரம் படம் வரைவதில்தான் இருக்கிறது. விண்டோஸ் கேம்கள் கிராபிக்ஸ் கார்டோடு பேசுவது டைரக்ட்3டி என்ற மொழியில். அது மைக்ரோசாஃப்ட்டுக்குச் சொந்தமானது, லினக்ஸில் கிடையாது. வைன் ரொம்ப நாள் இதை ஓபன்ஜிஎல் என்ற இன்னொரு மொழிக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சிந்திக்கும் முறையே வேறு என்பதால் பெயர்ப்பில் வேகம் நிறையவே வீணானது. அந்தக் காலத்தில் முயன்று பார்த்துக் கைவிட்டவர்கள்தான் இன்றும் 'லினக்ஸில் கேம் ஆட முடியாது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

2016 பிப்ரவரியில் வல்கன் வந்தது. கிராபிக்ஸ் கார்டின் அருகிலேயே நின்று பேசும் மொழி, விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொது. இரண்டு ஆண்டுகளுக்குள் பிலிப் ரெபோலே என்பவர் டைரக்ட்3டியை வல்கனுக்குப் பெயர்க்கும் டிஎக்ஸ்விகே என்ற நிரலை எழுதத் தொடங்கியிருந்தார். நிலைமையைத் தலைகீழாக மாற்றியது அதுதான் என்பேன். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் அந்த முயற்சிக்குத் துணை நின்றது. வைன், டிஎக்ஸ்விகே, இன்னும் சில திருத்தங்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 2018 ஆகஸ்டில் ஸ்டீமுக்குள்ளேயே கொடுத்தது. அந்த மூட்டைக்குப் பெயர் புரோட்டான். 2022-இல் வால்வ் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் ஓடுவது லினக்ஸ். அதில் மக்கள் ஆடும் கேம்களில் பெரும்பாலானவை விண்டோஸ் கேம்கள், புரோட்டான் வழியாக. இனி இது நான்கு ஆர்வலர்களின் விளையாட்டு இல்லை, ஒரு பெரிய நிறுவனத்தின் வியாபாரமே இதை நம்பி நிற்கிறது.

புதிதாக வருபவர்கள் பயந்துபோகும் ஓர் இடம் உண்டு. முதல் நாள் கேம் திக்கித் திக்கி ஓடும். புதிய மந்திரம் ஒன்றை யாராவது எறிந்தால் அரை நொடி படம் நின்று போகும். காரணம் ஷேடர். வெளிச்சம், தண்ணீர், நெருப்பு எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டுக்குச் சொல்லும் குட்டி நிரல்கள் அவை. டைரக்ட்3டி வடிவில் வரும் ஷேடரை வல்கன் வடிவுக்கு மாற்றி, அதை உங்கள் கார்டுக்கு ஏற்றபடி தயாரிக்க வேண்டும். தயாரித்ததை, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், வட்டில் சேமித்து வைத்துக்கொள்ளும், அடுத்த முறை அதே நெருப்பு திக்காமல் எரியும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, சரியான டிரைவர் இருந்தால் இந்தத் திக்கலைப் பெருமளவு குறைத்துவிட்டது. ஆகவே முதல் அரை மணி நேரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு மூன்று ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

இதே டிஎக்ஸ்விகே 2-க்கு வல்கன் 1.3 தெரிந்த டிரைவர் தேவை. இன்டெல் உள்ளமைந்த கிராபிக்ஸ் என்றால் ஆறாம் தலைமுறை முதல் பரவாயில்லை. நான்காம் தலைமுறை லேப்டாப்பை வைத்துக்கொண்டு முட்டி மோதுபவர்களுக்குத் தடங்கல் பெரும்பாலும் இங்கேதான். என்விடியா கார்டு இருந்தால் அந்த நிறுவனத்தின் டிரைவரை மின்ட்டின் டிரைவர் மேலாளரிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். ஏஎம்டிக்கும் இன்டெலுக்கும் தனியாக எதுவும் போட வேண்டாம், லினக்ஸோடு வரும் மெசா போதும்.

சரி, கில்ட் வார்ஸ் 2-ஐ எப்படிப் போட்டோம்? இது 2012-இல் வந்த கேம். பத்தாண்டு கழித்துத்தான் ஸ்டீமுக்கு வந்தது. புதிதாகத் தொடங்குபவர் ஸ்டீமில் ஏற்றி 'பிளே' அழுத்தினால் முடிந்தது கதை. இவனுடையது ஸ்டீமுக்கு வெளியே தொடங்கிய பழைய கணக்கு. அதனால் கேமின் தளத்திலிருந்து விண்டோஸ் செட்டப் கோப்பை இறக்கி, ஸ்டீமில் 'ஸ்டீம் அல்லாத கேமைச் சேர்' என்ற வழியில் சேர்த்தோம். அதன் பண்புகளைத் திறந்து, கம்பாட்டிபிலிட்டி பகுதியில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்தோம். செட்டப் ஓடியது.

செட்டப் முடிந்ததும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும், நிறையப் பேர் தடுமாறுவது இதில்தான். ஸ்டீமில் இருக்கும் குறுக்குவழி இன்னமும் செட்டப் கோப்பைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் ஸ்டீம் அதற்கு வேறொரு பிரிஃபிக்ஸ் உருவாக்கிவிடும். அதே குறுக்குவழியின் இலக்கை மட்டும், ஸ்டீமின் 'கம்பாட்டேட்டா' ஃபோல்டரில் இருக்கும் பிரிஃபிக்ஸுக்குள் போய், டிரைவ்_சி, புரோகிராம் ஃபைல்ஸ் வழியாக கேமின் அசல் .எக்ஸி கோப்புக்கு மாற்றுங்கள்.

இந்த கேமின் வரைபடம், இசை, குரல் அத்தனையும் ஜிடபிள்யூ2 டாட் டேட் என்ற ஒரே பெரிய கோப்பில் இருக்கின்றன. பல பத்து ஜிபி. தினம் 2 ஜிபி டேட்டா பேக்கில் இருக்கும் பையனுக்கு அதை மறுபடி இறக்குவது பெரிய தண்டனை. விண்டோஸை அழிப்பதற்கு முன்பே அதை ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தோம். இப்போது புதிய ஃபோல்டரில் பழைய கோப்பை அப்படியே வைத்தோம். கேம் அதைப் பார்த்துவிட்டு, விட்டுப்போன சில அப்டேட்டுகளை மட்டும் இறக்கிக்கொண்டது. லினக்ஸுக்காக அந்தக் கோப்பில் ஒரு பைட் கூட மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். சமையல் சாமான் அதேதான், வீடு மட்டும்தான் வேறு.

இதில் நான் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. என் சொந்தக் கணினியில் விண்டோஸும் லினக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது, இடம் மிச்சமாகும் என்று விண்டோஸ் பகுதியிலேயே, அதாவது என்டிஎஃப்எஸ் வட்டிலேயே, ஸ்டீம் நூலகத்தை வைத்தேன். கேம் திறக்கவே இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு விளங்கியது. பிரிஃபிக்ஸுக்குள் 'சி:' என்றும் 'இசட்:' என்றும் முக்காற்புள்ளியோடு இணைப்புகள் இருக்கும். விண்டோஸின் பெயரிடும் விதிப்படி கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக்கூடாது. கேம்களை லினக்ஸின் சொந்த ஈஎக்ஸ்டி4 பகுதியிலேயே வையுங்கள்.

அன்று மாலை லயன்ஸ் ஆர்ச் நகரத்தில் அவன் பாத்திரம் நின்றது. கிராபிக்ஸ் எல்லாம் குறைந்த அளவில்தான், அந்த மெஷினுக்கு அதுதான் தாங்கும். ஐம்பது அறுபது பேர் ஒரே இடத்தில் கூடி ஒரு பெரிய பூதத்தை அடிக்கும்போது வேகம் விழத்தான் செய்தது, விண்டோஸிலும் அப்படித்தான் விழும் என்று அவனே சொன்னான். இப்படிக் கூட்டமான இடங்களில் கேமின் பல வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து முறை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். முன்பு இந்த முறை பிரிக்கும் வேலையை வைன்சர்வர் என்ற ஒரே நிரல் பார்த்தது, ஒரே டோக்கன் கவுண்டர் மாதிரி. 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14 முதல் என்டிசிங்க் என்ற ஏற்பாடு கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வைனில் அந்தக் கவுண்டருக்குப் போகும் நடை நிறையவே மிச்சம்.

ஆன்லைன் கேம் என்றதும் பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய் வரும் நேரம், கூடுமோ என்று கேட்பார்கள். கூடாது. இணையத்துக்குச் செய்தி அனுப்பு என்று கேம் கேட்கிறது, வைன் அதை லினக்ஸின் இணைய வழியில் போட்டுவிடுகிறது, அவ்வளவே. சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் தூரம் தூரம்தான், வீட்டு வைஃபை மோசமாக இருந்தால் மோசம்தான்.

ஆன்லைன் கேமுக்கென்றே இருக்கும் உண்மையான சுவர் வேறு. அது ஆன்டிசீட்.

சுவருக்குப் பின்னாலும் குறி தப்பாமல் சுடும் நிரல், சுவரைத் தாண்டிப் பார்க்கும் நிரல் என்று ஏமாற்றுபவர்களைப் பிடிக்க, கேம் நிறுவனங்கள் காவல் நிரல்களை வைத்திருக்கின்றன. அவற்றில் சில சாதாரண நிரலாக ஓடினால் போதாது என்று விண்டோஸின் கெர்னலுக்குள்ளேயே டிரைவராகப் போய் உட்கார்கின்றன. வைன் நிற்பது சமையலறையில். மாஸ்டர் என்ன கேட்டாலும் எடுத்துத் தரும். ஆனால் ஒருவர் வந்து, 'இந்த வீட்டின் அஸ்திவாரத்துக்குள் நான் இறங்க வேண்டும், அது இன்னார் கட்டிய அஸ்திவாரமாகவும் இருக்க வேண்டும்' என்றால் எடுபிடி ஆள் என்ன செய்வான்? கீழே இருப்பது லினக்ஸ் கெர்னல். அங்கே விண்டோஸ் டிரைவருக்கு இடம் இல்லை.

வாலரண்ட் கேமின் வேன்கார்ட் இந்த வகை. 2020-இல் கேமோடு வந்தது. 2024 மே மாதம் அதே வேன்கார்டை லீக் ஆஃப் லெஜண்ட்ஸிலும் சேர்த்தார்கள். அதுவரை வைனில் அதை ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றோடு கதவு சாத்தப்பட்டது. விர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினிக்குள், விண்டோஸ் போட்டு நுழையலாம் என்றால் அதையும் அது ஏற்பதில்லை.

எல்லாமே இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈஸி ஆன்டிசீட், பேட்டில்ஐ என்ற இரண்டும் நிறைய கேம்களில் இருப்பவை. 2021 செப்டம்பரில் இரண்டுமே புரோட்டானோடு வேலை செய்யத் தயார் என்று அறிவித்தன. ஆனால் கேம் நிறுவனம் முன்வந்து அதை இயக்கிவிட வேண்டும். சிலர் செய்தார்கள். ஃபோர்ட்நைட் செய்யவில்லை. அபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2022-இல் அனுமதித்து, 2024 அக்டோபர் 31-ஆம் தேதி, ஏமாற்றுபவர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஜிடிஏ ஆன்லைனும் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்த்தபோது லினக்ஸ்காரர்களை வெளியே விட்டுவிட்டது, அதே ஜிடிஏ 5-ஐத் தனியாக ஆடுபவர்களுக்கு இன்றும் ஓடுகிறது. ஒரே கேம், ஒரே கணினி. தனியாக ஆடினால் ஓடும், கூட்டமாக ஆடினால் ஓடாது. இந்த கேம்களில் தடை நுட்பத்தில் இல்லை, அனுமதியில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

ஏமாற்றுபவர்களால் நல்ல ஆட்டக்காரர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், நிறுவனங்களின் கவலையும் நியாயமானதே. ஆனாலும் காசு கொடுத்து வாங்கி, நேர்மையாக இரண்டு வருடம் ஆடியவனை ஒரே அப்டேட்டில் வெளியே தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. அதற்காக ஆன்டிசீட்டை ஏய்க்கும் குறுக்குவழிகளைத் தேடாதீர்கள். கணக்கையே முடக்கிவிடுவார்கள், பல வருட உழைப்பு போய்விடும்.

செய்ய வேண்டியது, லினக்ஸ் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது. புரோட்டான்டிபி என்ற தளத்தில் கேமின் பெயரைத் தட்டினால், ஆடிப் பார்த்தவர்கள் எழுதிய குறிப்புகள் பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்ற தரத்தோடு வரும். உங்கள் கார்டு போலவே வைத்திருப்பவர் சமீபத்தில் எழுதியதைப் படியுங்கள், மூன்று வருடம் பழைய குறிப்பு உதவாது. ஆன்டிசீட் நிலவரத்துக்கு மட்டும் 'ஆர் வி ஆன்டிசீட் யெட்' என்று தனித் தளமே இருக்கிறது. கவுண்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 போன்றவற்றுக்கு இந்தக் கவலையே வேண்டாம், லினக்ஸுக்கென்றே செய்த பதிப்பு இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது, பையை மாட்டிக்கொண்டே கேட்டான். "வாலரண்ட் மாமா?" அவன் நண்பர்கள் எல்லாரும் மும்பை சர்வரில் அதைத்தான் ஆடுகிறார்கள். இந்த மெஷினில் இப்போதைக்கு வழி இல்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். இப்போது சனிக்கிழமைகளில் நண்பன் வீட்டுக்குப் போய் வாலரண்ட், மற்ற நாள்களில் இந்த லேப்டாப்பில் கில்ட் வார்ஸ். போன வாரம் போனில் அழைத்து, விடுதியில் இன்னொரு பையனுடைய பழைய லேப்டாப்புக்கும் மின்ட் போட்டுக் கொடுத்ததாகச் சொன்னான். அந்தப் பையனின் கேமை முதலில் புரோட்டான்டிபியில் பார்த்துவிட்டுத்தான் பென் டிரைவையே சொருகினானாம்.